ஈஎஸ்ஏவா, எக்ஸ்சியா, இசட்டா: மெயின்ஃப்ரேம் கெஸ்டுக்கு மெஷின் வரி எழுதும்போது

ஒரே மெயின்ஃப்ரேமை, அதாவது பெருங்கணினியை, பல மெய்நிகர் இயந்திரங்களாகப் பிரித்துக் கொடுக்கும் ஐபிஎம் மென்பொருளான இசட்விஎம்மைக் கற்கத் தொடங்கும் யாரும் முதல் வாரத்திலேயே ஒரு வரியில் வந்து முட்டிக்கொள்வார்கள். யூசர் டைரக்டரி என்ற கோப்பில் ஒவ்வொரு மெய்நிகர் இயந்திரத்துக்கும் ஒரு பதிவு இருக்கும். முதல் வரியில் பெயர், பாஸ்வேர்டு, ஆரம்ப மெமரி, உச்சபட்ச மெமரி, அதிகார வகுப்பு. அதற்கு ஓரிரு வரி கீழே இப்படி ஒன்று நிற்கும்: மெஷின் ஈஎஸ்ஏ 2.

பக்கத்துப் பதிவில் அதுவே மெஷின் எக்ஸ்சி என்றிருக்கும். இன்னொன்றில் மெஷின் எக்ஸ்ஏ. சமீபத்தில் யாரோ எழுதியதில் மெஷின் இசட். "நான் எதைப் போடட்டும்?" என்று கேட்டால், "பக்கத்துப் பதிவைக் காப்பி அடி, ஓடும்" என்பார் சீனியர். பெரும்பாலும் ஓடவும் ஓடும். ஓடாத நாளில் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்க, அந்த வரி என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இசட்விஎம்மில் சிபி என்ற கண்ட்ரோல் புரோகிராம் அடியில் உட்கார்ந்துகொண்டு, ஒரே இரும்புப் பெட்டியைப் பல மெய்நிகர் இயந்திரங்களாகப் பிரித்துக் கொடுக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரு இயங்குதளம் ஓடும்: லினக்ஸ், இசட்ஓஎஸ், சிஎம்எஸ், சில இடங்களில் இன்னொரு இசட்விஎம்மே கூட. இவற்றைத்தான் கெஸ்ட் என்கிறோம். ஒவ்வொரு கெஸ்டும் தனக்கென ஒரு முழு மெயின்ஃப்ரேம் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அப்படியானால் அது எந்தக் காலத்து மெயின்ஃப்ரேம்? மெஷின் வரி பதில் சொல்வது இந்தக் கேள்விக்குத்தான்.

காலம் என்று நான் சொல்வது வெறும் உவமை அல்ல. 1964 ஏப்ரலில் சிஸ்டம்/360-ஐ ஐபிஎம் அறிவித்தது முதல், இந்தக் குடும்பம் பழைய புரோகிராம்களைக் கைவிடாமலே நான்கைந்து முறை உடம்பை மாற்றிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் ஒரு ஆர்க்கிடெக்சர்: மெமரி முகவரி எத்தனை பிட், டிஸ்க்கை எந்தக் கட்டளையால் கூப்பிடுவது, புராசசருக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பறைகளான ரெஜிஸ்டர்கள் எவ்வளவு அகலம் என்று எல்லாவற்றையும் வரையறுக்கும் ஒப்பந்தம்.

360-இல் முகவரி 24 பிட். எண்ணிப் பார்த்தால் 1,67,77,216 பைட், அதாவது 16 எம்பி. அந்த நாளில் அது கடல். ஆனால் ரெஜிஸ்டர் 32 பிட் அகலம் கொண்டது. முகவரி போக மேலே 8 பிட் சும்மா கிடந்தது. சும்மா கிடந்தால் நம் ஆட்கள் விடுவார்களா? காலண்டர் ஓரத்தில் பால் கணக்கு எழுதுவதைப் போல, அந்த எட்டு பிட்டில் தங்கள் சொந்தக் குறிப்புகளை எழுதிவைத்தார்கள். ஹார்டுவேர் அந்தப் பகுதியைக் கண்டுகொள்ளவில்லை. எல்லாம் சுமுகமாக ஓடியது.

பிறகு 16 எம்பி போதாமல் போனது. 1983-இல் கைக்கு வந்த 370-எக்ஸ்ஏ ஆர்க்கிடெக்சரில் முகவரியை நீட்டினார்கள். நீட்டியது 32 பிட்டுக்கு அல்ல, 31-க்கு. புதியவர்கள் எல்லாரும் அச்சுப்பிழை என்று நினைக்கும் இடம் இது. மேல்முனையில் இருக்கும் அந்த ஒரு பிட்டை வேறு வேலைகளுக்காக ஒதுக்கிவிட்டார்கள். ஒரு புரோகிராமிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது, அது 24 பிட் ஆசாமியா 31 பிட் ஆசாமியா என்று அந்த பிட் சொல்லும். சப்ரூட்டீனுக்கு அனுப்பும் முகவரிப் பட்டியலில் கடைசி முகவரி இதுதான் என்று குறிக்கவும் காலங்காலமாக அதே பிட்டைத்தான் பயன்படுத்திவந்தார்கள். அதைப் பிடுங்கினால் பாதி உலகம் விழுந்திருக்கும். அதனால் எல்லை 2 ஜிபி. இன்றும் மெயின்ஃப்ரேம்காரர்கள் 16 எம்பி எல்லையை 'லைன்' என்றும், 2 ஜிபி எல்லையை 'பார்' என்றும் சொல்வதைக் கேட்கலாம். "அந்த பஃபர் லைனுக்குக் கீழே இருக்கணும்பா" என்றால் முதல் 16 எம்பிக்குள் என்று அர்த்தம்.

எக்ஸ்ஏவில் முகவரி மட்டும் மாறவில்லை. டிஸ்க்கில் ஒரு வாசிப்பைத் தொடங்கும் கட்டளையே மாறியது. 360-க்கு அடுத்து வந்த சிஸ்டம்/370-இல் ஸ்டார்ட் ஐஓ என்று ஒரு கட்டளை. எக்ஸ்ஏவில் சேனல் சப்சிஸ்டம் வந்து, ஸ்டார்ட் சப்சேனல் என்ற வேறு கட்டளை. 370-க்காக எழுதிய இயங்குதளத்தை எக்ஸ்ஏ இயந்திரத்தில் ஏற்றினால் அதனால் டிஸ்க்கிலிருந்து ஒரு பைட் கூடப் படிக்க முடியாது. சாதாரணப் பயன்பாட்டு புரோகிராமுக்கு இந்தப் பிரச்சினை இல்லை, அது டிஸ்க்கிடம் நேராகப் பேசுவதில்லை. 24 பிட் காலத்தில் கோபோல் என்ற பழைய மொழியில் எழுதிய புரோகிராம் இன்றைய இயந்திரத்திலும் ஓடும். 24 பிட் காலத்து இயங்குதளம் ஓடாது. புரோகிராமின் முகவரி முறை வேறு, இயந்திரத்தின் ஆர்க்கிடெக்சர் வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் மெஷின் வரியைப் பற்றிய பாதித் தவறான புரிதல்கள் பிறக்கின்றன.

அதன் பிறகு 1988-இல் ஈஎஸ்ஏ/370, 1990-இல் ஈஎஸ்ஏ/390. முகவரி அதே 31 பிட்தான். கூடுதலாக டேட்டா ஸ்பேஸ்களும் (இவற்றைப் பற்றிப் பிறகு), எந்த முகவரிவெளியைத் தொடுவது என்று சொல்லும் ஆக்சஸ் ரெஜிஸ்டர்களும் வந்தன. 2000 அக்டோபரில் இசட்900 இயந்திரத்தோடு இசட்-ஆர்க்கிடெக்சர் அறிவிக்கப்பட்டது. அதுதான் 64 பிட்.

இங்கே ஒரு சின்ன உண்மையைக் கவனித்தால் மீதி எல்லாம் தானாக விளங்கும். இசட்900 இயந்திரம் 64 பிட் என்றாலும், சுவிட்ச் போட்டதும் 64 பிட்டில் விழிக்காது. ஈஎஸ்ஏ/390 ஆகத்தான் விழிக்கும். ஏற்றப்பட்ட இயங்குதளம் தன் ஆரம்ப வேலைகளைச் செய்துவிட்டு, சிக்னல் புராசசர் என்ற கட்டளையில் 'ஆர்க்கிடெக்சரை மாற்று' என்று ஒரு உத்தரவு கொடுக்கும். அந்த நொடியில் இயந்திரம் 64 பிட்டுக்குத் தாவும். நம் மேசைக் கணினியும் பல காலம் இதைத்தான் செய்தது: பயாஸ் வழியாக பூட் ஆகும்போது 16 பிட்டில் தொடங்கி, பிறகு விண்டோஸோ லினக்ஸோ அதை 64 பிட்டுக்கு ஏற்றிக்கொண்டது.

ஆக, மெஷின் ஈஎஸ்ஏ என்றால் "இந்தக் கெஸ்ட் 31 பிட்டில்தான் ஓடும்" என்று பொருள் இல்லை. "விழிக்கும்போது ஈஎஸ்ஏ/390 ஆக விழிக்கும், வேண்டுமானால் 64 பிட்டுக்குத் தாவிக்கொள்ளலாம்" என்றுதான் பொருள். ஆயிரக்கணக்கான 64 பிட் லினக்ஸ் கெஸ்டுகள் மெஷின் ஈஎஸ்ஏ வரியோடுதான் ஓடிவந்திருக்கின்றன. சந்தேகமிருந்தால், அந்தக் கெஸ்டில் சிபியிடம் கியூ செட் என்று கேளுங்கள். ஈஎஸ்ஏ என்று காட்டும். லினக்ஸுக்குள் போய் யூநேம் கமாண்டை எம் ஆப்ஷனோடு கொடுங்கள். எஸ்390எக்ஸ் என்று வரும். கடைசியில் ஒட்டியிருக்கும் எக்ஸ்தான் 64 பிட். இரண்டும் உண்மை. ஒன்று பிறந்த ஊர், மற்றது இப்போது இருக்கும் ஊர்.

இதில் சிபிக்குப் பெரிய உழைப்பு இல்லை என்பது இன்னொரு சுவாரசியம். கெஸ்டின் கட்டளைகளை அது ஒவ்வொன்றாகப் படித்து நடித்துக்காட்டுவதில்லை. எஸ்ஐஈ என்று ஒரு ஹார்டுவேர் கட்டளை இருக்கிறது. எக்ஸ்ஏ காலத்தில் வந்தது. கெஸ்டைப் பற்றிய விவரங்களை ஒரு மெமரித் துண்டில் எழுதி, எஸ்ஐஈ கொடுத்தால், புராசசரே கெஸ்டாக மாறி அதன் கட்டளைகளை நேரடியாக ஓட்டும். சிபி கவனிக்கவேண்டிய ஏதாவது நடந்தால்தான் வெளியே வரும். அந்த விவரத் துண்டில் 'இது எந்த ஆர்க்கிடெக்சர் கெஸ்ட்' என்ற குறிப்பும் அடக்கம். நீங்கள் டைரக்டரியில் எழுதும் மூன்றெழுத்து கடைசியில் போய்ச் சேரும் இடம் அதுதான். அதனால் ஈஎஸ்ஏ போட்டால் மெதுவாக ஓடும், இசட் போட்டால் வேகமாக ஓடும் என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

எக்ஸ்ஏ என்ற பெயரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இன்றைய இசட்விஎம்மில் எக்ஸ்ஏ போட்டாலும் ஈஎஸ்ஏ போட்டாலும் கெஸ்டுக்குக் கிடைப்பது ஒன்றுதான். பழைய பதிவுகள் உடையக்கூடாது என்பதற்காகப் பெயரை விட்டுவைத்திருக்கிறார்கள். புதிதாக எழுதும்போது போடத் தேவையில்லை. பழையதில் பார்த்தால் பதறவும் தேவையில்லை.

நேரம் செலவழிக்க வேண்டியது எக்ஸ்சியோடு. முழுப் பெயர் ஈஎஸ்ஏ/எக்ஸ்சி. இப்படியொரு இரும்பு இயந்திரம் உலகில் இருந்ததே இல்லை; மெய்நிகர் இயந்திரத்துக்காக மட்டுமே கற்பனை செய்த ஆர்க்கிடெக்சர் இது. தேவை எங்கிருந்து வந்தது என்றால், சிஎம்எஸ் என்ற ஒற்றைப் பயனர் இயங்குதளத்திலிருந்து. சிஎம்எஸ் எளிமையானது, தனக்கென மெய்நிகர் மெமரி அட்டவணை எதையும் வைத்துக்கொள்ளாது. ஆனால் டேட்டா ஸ்பேஸ் என்ற வசதி அதற்கும் வேண்டும் என்று பட்டது. டேட்டா ஸ்பேஸ் என்பது புரோகிராம் இல்லாமல் தரவு மட்டும் வைக்கும் தனி முகவரிவெளி. ஒரு கோப்புச் சேவையகம் தன் கோப்பு டைரக்டரி (யூசர் டைரக்டரி அல்ல, ஃபோல்டர் போன்றது) ஒன்றை அப்படியொரு வெளியில் வைத்துவிட்டால், நூறு சிஎம்எஸ் பயனர்கள் அந்த ஒரே பிரதியை நேராகப் படிக்கலாம். ஆளுக்கொரு பிரதி வேண்டாம். சேவையகத்துக்கும் பயனருக்கும் இடையே தரவை ஏற்றி இறக்கவும் வேண்டாம். ஷேர்டு ஃபைல் சிஸ்டம் செய்வது இதைத்தான்.

வழக்கமாக டேட்டா ஸ்பேஸை நடத்த, இயங்குதளமே முகவரி மாற்றும் அட்டவணைகளைப் பராமரிக்க வேண்டும். இதைத்தான் சுருக்கமாக டாட் என்கிறார்கள், டைனமிக் அட்ரஸ் டிரான்ஸ்லேஷன். எக்ஸ்சியில் அந்த வேலையை சிபி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு, கெஸ்டுக்கு ஆக்சஸ் ரெஜிஸ்டர்களை மட்டும் கையில் கொடுக்கிறது. பதிலுக்கு ஒரு நிபந்தனை: எக்ஸ்சி கெஸ்ட் சொந்தமாக டாட் பயன்படுத்தக்கூடாது. ஒரு வண்டிக்கு இரண்டு ஓட்டுநர் இருக்க முடியாதே.

இந்த நிபந்தனையின் விளைவு பெரிது. லினக்ஸ் டாட் இல்லாமல் ஒரு நிமிடம் உயிரோடிருக்காது. இசட்ஓஎஸ்ஸும் அப்படியே, கெஸ்டாக ஓடும் இரண்டாம் அடுக்கு இசட்விஎம்மும் அப்படியே. ஆகவே எக்ஸ்சி என்பது சிஎம்எஸ்ஸுக்கும் அதன் மேல் ஓடும் சேவை இயந்திரங்களுக்கும் மட்டும். புதிய இசட்விஎம் வெளியீடுகளில் இசட்/எக்ஸ்சி என்று ஒன்றைச் சேர்த்து, எக்ஸ்சி கெஸ்டுக்குள்ளும் 64 பிட் கட்டளைகளுக்கு வழி செய்திருக்கிறார்கள். டாட் நிபந்தனை மட்டும் அப்படியேதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஆரம்ப நாட்களில் ஒரு வாடிக்கையாளருக்கு லினக்ஸ் கெஸ்ட் ஒன்று உருவாக்க வேண்டியிருந்தது. சீனியர் சொன்ன மந்திரப்படி பக்கத்துப் பதிவைக் காப்பி அடித்தேன். அது ஒரு சிஎம்எஸ் பயனருடைய பதிவு. பெயரை மாற்றினேன், மெமரியைக் கூட்டினேன், டிஸ்க்குகளைச் சேர்த்தேன். மெஷின் வரியை மட்டும் கண் பார்த்தும் மனசு பார்க்கவில்லை.

லாக்ஆன் செய்தேன். சிஎம்எஸ் அழகாக வந்தது. லினக்ஸ் கெஸ்டில் எதற்கு சிஎம்எஸ் என்று கேட்பீர்கள்: முதலில் சிஎம்எஸ்ஸை ஏற்றி, அது தொடங்கும்போது தானாக ஓடும் புரொஃபைல் எக்ஸெக் என்ற கட்டளைக் கோப்பின் மூலம் ஸ்வாப்புக்கான, அதாவது மெமரி போதாதபோது லினக்ஸுக்குக் கைகொடுக்கும், மெய்நிகர் டிஸ்க்கைத் தயார் செய்துவிட்டு, அந்த எக்ஸெக்கின் கடைசி வரியிலேயே லினக்ஸ் டிஸ்க்கை ஐபிஎல் செய்வது பல இடங்களில் இருக்கும் பழக்கம். ஐபிஎல் என்றால் இங்கே பூட் செய்வது, சேப்பாக்கத்தை மறந்துவிடுங்கள். ஸ்வாப் டிஸ்க் தயாரானது. லினக்ஸ் ஐபிஎல் ஆகத் தொடங்கியது. இரண்டு மூச்சு விடுவதற்குள் கெஸ்ட் நின்று, திரையில் சிபியின் செய்தி.

டிஸ்க் கெட்டிருக்குமோ என்று மறுபடி நிறுவினேன். கெர்னல் பாராமீட்டர்களைப் புரட்டினேன். மத்தியானச் சாப்பாடு போனது. சாயந்திரம் இன்னொருவர் தோளுக்குப் பின்னால் நின்று, இண்டிகேட் யூசர் கொடுக்கச் சொன்னார். மாக் என்ற இடத்தில் எக்ஸ்சி என்றிருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, டீ குடிக்கப் போய்விட்டார். சிஎம்எஸ் ஒழுங்காக வந்ததுதான் என்னை ஏமாற்றியது. முதல் படி ஓடுகிறதே, இயந்திரம் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

கோபத்தில் நேராக இசட் என்று மாற்றியிருந்தால்? அப்போது வேறு இடத்தில் விழுந்திருப்பேன். இசட் என்பது 2016-இல் வந்த இசட்விஎம் 6.4-இலிருந்து கிடைக்கும் முறை. இந்தக் கெஸ்ட் விழிக்கும்போதே இசட்-ஆர்க்கிடெக்சர்தான். ஈஎஸ்ஏ/390-க்குத் திரும்பிப்போக வழியில்லை. வழக்கமான சிஎம்எஸ் ஈஎஸ்ஏ/390-ஐ எதிர்பார்ப்பது. அதனால் இசட் கெஸ்டில் அது ஏறாது; இசட்சிஎம்எஸ் என்ற 64 பிட் வடிவத்தைத்தான் ஏற்ற வேண்டும். என் கெஸ்டில் புரொஃபைல் எக்ஸெக் வரைக்கும் கூடப் போயிருக்காது. இரண்டு படிக்கும் ஒத்துவருவது ஈஎஸ்ஏ: சிஎம்எஸ்ஸும் விழிக்கும், லினக்ஸும் தாவிக்கொள்ளும்.

அதனால்தான் யாராவது கேட்டால், "எந்த இயங்குதளம் ஓடப்போகிறது?" என்று நான் திருப்பிக் கேட்பதில்லை. "லாக்ஆனிலிருந்து என்னென்ன ஏறும், வரிசையாகச் சொல்" என்பேன். அந்த வரிசையில் வரும் அத்தனையும் ஓடக்கூடிய முறையே உங்கள் முறை. வழியில் சிஎம்எஸ் வரும் லினக்ஸ் கெஸ்ட் என்றால் ஈஎஸ்ஏ. சிஎம்எஸ் பயனர்கள், கோப்புச் சேவையகங்கள், டேட்டா ஸ்பேஸ் தொடும் எதுவும் என்றால் எக்ஸ்சி. சிஎம்எஸ் நடுவில் வராமல், டைரக்டரியின் ஐபிஎல் வரியிலிருந்தே நேராக ஏறும் புதிய லினக்ஸோ இசட்ஓஎஸ்ஸோ என்றால் இசட் போடலாம். பெயர் புதிதாக இருக்கிறது என்பது மட்டும் காரணமாக இருந்தால் போடாதீர்கள்.

இசட் முறை ஏன் வந்தது என்பதற்கும் இரும்புதான் காரணம். இயங்குதளத்தை ஈஎஸ்ஏ/390-இல் எழுப்பும் வசதி 2015-இல் வந்த இசட்13 இயந்திரத்தோடு முடிந்தது. 2017-இன் இசட்14 முதல் ஒவ்வொரு எல்பாரும் (ஹார்டுவேரே இயந்திரத்தைப் பிரித்துத் தரும் பகுதி) நேராக இசட்-ஆர்க்கிடெக்சரில்தான் விழிக்கிறது. அப்படியானால் அதன் மேல் மெஷின் ஈஎஸ்ஏ எப்படி ஓடுகிறது என்ற நல்ல கேள்வி எழும். கெஸ்டுகளுக்காக ஈஎஸ்ஏ/390 இணக்க முறை என்று ஒன்றை ஹார்டுவேரில் விட்டுவைத்தார்கள். சிஎம்எஸ் போன்றவற்றுக்கு அது போதும். பழைய ஈஎஸ்ஏ/390 முழுதாக அங்கே இருக்கிறது என்று மட்டும் எண்ண வேண்டாம். 31 பிட் லினக்ஸ் எதையாவது இன்னும் பாதுகாத்துவைத்திருப்பவர்கள் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். லினக்ஸ் கெர்னலே 2015-இல், 4.1 வெளியீட்டில், மெயின்ஃப்ரேமின் 31 பிட் ஆதரவைக் கழற்றிவிட்டது.

அந்த வரியின் கடைசியில் நிற்கும் எண்ணையும் பார்த்துவிடுவோம். மெஷின் ஈஎஸ்ஏ 4 என்று போட்டுவிட்டு, லினக்ஸில் ஒரே ஒரு சிபியூ தெரிகிறது என்று வருபவர்கள் அதிகம். அந்த 4, உச்சவரம்பு மட்டுமே. உண்மையில் சிபியூ வேண்டுமானால் டைரக்டரியில் சிபியூ வரிகள் எழுத வேண்டும், அல்லது ஓடும்போது டிஃபைன் சிபியூ கமாண்ட் கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கெஸ்டில் சிபியூவைச் சேர்ப்பது சாதாரண வேலை. டிடாச் சிபியூ கொடுத்துக் கழற்றினாலோ, கெஸ்ட் ரீசெட் ஆகிவிடும். உள்ளே ஓடிக்கொண்டிருந்த எல்லாம் போச்சு.

வரம்பு 64 வரை போகும் என்பதற்காக அள்ளிப்போடவும் கூடாது. ஒரு கெஸ்டுக்கு எவ்வளவு புராசசர் நேரம் என்பதை ஷேர் என்ற அளவு தீர்மானிக்கிறது. எதுவும் சொல்லாவிட்டால் ரிலேட்டிவ் 100. அந்த நூறு, கெஸ்டின் எல்லா மெய்நிகர் சிபியூக்களுக்கும் சேர்த்து. ஒன்று இருந்தால் அதற்கு முழு 100. நான்கு வைத்தால் தலைக்கு 25. ஒற்றை இழையில் ஓடும் வேலைக்கு நான்கு சிபியூ கொடுத்தால், நெரிசல் நேரத்தில் அது முன்பைவிட மெதுவாக ஓடும். "சிபியூ கூட்டிக் கொடுத்தும் ஸ்லோவா இருக்கு" என்ற புகாருக்குப் பின்னால் பலமுறை இந்த வகுத்தல் கணக்குத்தான் இருந்திருக்கிறது.

மெமரியைப் பற்றி ஒரே வார்த்தை. இந்த உலகில் ஸ்டோரேஜ் என்றால் டிஸ்க் அல்ல, மெமரி. எக்ஸ்சி கெஸ்டின் சொந்த முகவரிவெளி 2 ஜிபிக்குள் அடங்க வேண்டும். பெரிய மெமரி வேண்டியவர்கள் ஈஎஸ்ஏ அல்லது இசட் பக்கம்தான் போக வேண்டும்.

முறையை மாற்றிச் சோதித்துப் பார்க்க, டைரக்டரியைத் தொட வேண்டும் என்பதில்லை. லாக்ஆன் செய்த கெஸ்டில் செட் மெஷின் என்று கொடுத்து, விரும்பும் முறையைச் சொன்னால் போதும். ஆனால் முறை மாறும்போது மெய்நிகர் இயந்திரம் ரீசெட் ஆகும், மறுபடி ஐபிஎல் செய்தாக வேண்டும்; உற்பத்தியில் ஓடும் கெஸ்டில் விரலை வைக்காதீர்கள். இந்த மாற்றம் லாக்ஆஃப் வரைதான். பிடித்திருந்தால் டைரக்டரியில் நிரந்தரமாக எழுதி, ஆன்லைனில் ஏற்றுங்கள். அடுத்த லாக்ஆனிலிருந்துதான் புது வரி அமலுக்கு வரும். டைரக்டரியை ஏற்றும் அந்தக் கமாண்டின் பெயர் டைரக்ட்எக்ஸ்ஏ. 64 பிட் இயந்திரத்தில், 64 பிட் கெஸ்டுக்காக நீங்கள் எழுதும் வரியும் 1983-இன் அந்த இரண்டு எழுத்தைத் தட்டிய பிறகுதான் உள்ளே போகும்.